காஸ்கெட் மாற்றினால் போதுமா?

தாராவியிலிருந்து வாஷி சந்தைக்குப் போய்க் காய்கறி ஏற்றி வருவது என் தந்தையாரின் பிழைப்பு. சென்ற கோடையில் அவருடைய பழைய டீசல் பிக்கப் வண்டி வெண்புகை கக்கிற்று. ரேடியேட்டரில் நீர் குறைந்தது. ஆயில் மோர்போல் வெளுத்தது. ஹெட் காஸ்கெட் போனதற்கு இவையே அடையாளம். எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய தகடு அது. எரியும் வாயு, ஆயில், நீர் மூன்றும் கலவாமல் காப்பது அதன் வேலை.

மெக்கானிக் கேட்ட கூலி எங்களிடம் இல்லை. நானே பிரித்துப் புதுக் காஸ்கெட் வைத்தேன். நான்கே நாளில் மறுபடியும் புகை! தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. வாடகை வண்டி பிடித்துச் சந்தைக்குப் போனார். அதுதான் சுட்டது.

பழைய காஸ்கெட் ஏன் போயிற்று என்று நான் ஆராயவேயில்லை. நண்பர்களே, சூடேறினால் அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். எங்கள் வண்டியில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். துரு அடைத்த ரேடியேட்டரால் எஞ்சின் அளவுமீறிக் காய்ந்து, ஹெட் வளைந்திருந்தது. நேர்ச்சட்டம் வைத்து ஃபீலர் கேஜால் அளந்தேன்: இடைவெளி 0.15 மில்லிமீட்டர். கையேடு அனுமதிப்பதோ 0.05.

லேத் பட்டறையில் ஹெட்டைச் சமன் செய்வித்து, ரேடியேட்டரையும் சுத்தம் செய்தேன். பிறகு போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி, மூன்று சுற்றில், கையேடு கூறும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கினேன். ஓரத்தை முதலில் இறுக்கினால் நடுப்பகுதி சரியாகப் படியாது.

இன்றும் வண்டி ஓடுகிறது. விடியற்காலையில் அது கிளம்பும் ஓசை கேட்டபின்தான் எனக்குத் தூக்கம் வருகிறது.