மார்கழியும் தையும்: கதிரவன் திரும்பும் காலத் திருநாள்கள்

சென்ற மார்கழியில் ஒரு மாலை, ஈப்போவில் நாங்கள் குடியிருக்கும் தாமானில், பக்கத்து வீட்டுச் சீன அம்மையார் மூடியிட்ட கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். இஞ்சி தட்டிப் போட்டுக் காய்ச்சிய சர்க்கரைப் பாகில் சிவப்பும் வெள்ளையுமாக அரிசிமா உருண்டைகள் மிதந்தன. அன்று தங்களுக்குக் குளிர்காலத் திருநாள் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

உருண்டையைச் சுவைத்தபடியே என் பேத்தி கேட்டாள்: "தாத்தா, நம்ம ஊர்ல குளிரே கிடையாதே, அப்புறம் எதுக்கு இந்தத் திருநாள்?"

"சூரியன் தெற்கே போய்விட்டு வடக்கே திரும்புகிற நாள் அம்மா இது. நமக்கு அதுதான் பொங்கல்" என்றேன்.

"சூரியன் இன்னைக்கே திரும்பிடுச்சுன்னா, நாம மட்டும் ஏன் மூணு வாரத்துக்கு மேல கழிச்சுப் பொங்கல் வைக்கிறோம்?"

எனக்கு விடை தெரியவில்லை. எழுபது பொங்கலுக்கு மேல் கண்டவன், ஒரு சிறு பெண்ணின் கேள்விக்கு முன் வாயடைத்து நின்றேன். அதன்பின் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்துகொண்டவற்றை இம்மலரின் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

கதிரவன் திரும்பும் நாள்

பூமியின் அச்சு சுமார் 23½ பாகை சாய்ந்திருப்பதால், கதிரவன் உதிக்கும் இடம் ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. ஜூன் மாதத்திற்குப் பின் நாள்தோறும் தெற்கே நகர்ந்து, டிசம்பர் 21 அல்லது 22-இல் தென்கோடியை அடைந்து, மீண்டும் வடக்கே திரும்புகிறது. வட நாடுகளில் அதுவே ஆண்டின் மிகக் குறுகிய பகல். இலண்டனில் அன்று பகல் 8 மணி நேரத்திற்கும் குறைவு. ஜூனிலோ 16 மணி நேரத்திற்கும் மேல். சென்னையில் இவ்வேறுபாடு சுமார் ஒன்றரை மணி நேரம். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் ஈப்போவில் ஏறத்தாழ அரை மணி நேரமே. ஆகவேதான் நம் பிள்ளைகளுக்கு இந்தத் திருப்பம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

குளிர் நாடுகளில் வாழ்ந்த பழங்கால மக்களுக்கு இது வாழ்வா சாவா என்னும் நிலை. சேமித்த தானியம் குறைந்துகொண்டே வரும், பகலும் சுருங்கும். கதிரவன் திரும்பிவிட்டான் என்று அறிந்த நாள் அவர்களுக்குப் பெருநாள் ஆனதில் வியப்பில்லை.

பல நாடுகள், ஒரே திருப்பம்

சீனர்கள் ஆண்டைக் கதிரவனின் இயக்கத்தைக் கொண்டு 24 பருவங்களாகப் பகுத்துள்ளனர். அவற்றுள் ஒன்றே இக்குளிர்காலத் திருநாள். இது புத்தாண்டைவிடப் பெரிது என்று சொல்லும் வழக்கமும் அவர்களிடையே உண்டு. உருண்டையின் வட்ட வடிவம், குடும்பம் பிரியாமல் ஒன்றுகூடுவதைக் குறிக்கும்.

ஈரானியர் ஆண்டின் மிக நீண்ட இரவை யல்தா என்பர். வீட்டுப் பெரியவர்களைச் சூழ்ந்து அமர்ந்து, மாதுளையும் தர்ப்பூசணியும் உண்டு, கவிதை படித்து இரவைக் கழிப்பர். உரோமாபுரியில் கி.பி. 354-ஆம் ஆண்டிற்குரிய நாட்காட்டி ஒன்றில், டிசம்பர் 25 'வெல்லப்படாத கதிரவனின்' பிறந்த நாளாகவும், இயேசு பிறந்த நாளாகவும் குறிக்கப்பட்டுள்ளது. சுவீடன் நாட்டில் டிசம்பர் 13 அன்று பெண்கள் தலையில் மெழுகுவர்த்தி முடி சூடி லூசியா திருநாளைக் கொண்டாடுகின்றனர். ஈப்போவில் நம்மோடு வாழும் பஞ்சாபியரின் லோஹ்ரி, பொங்கலுக்கு முதல் நாள் வருவது. அவர்கள் நெருப்பு மூட்டி எள்ளும் வெல்லமும் பகிர்வர்; நாம் போகியன்று பழையன எரிப்போம்.

நெருப்பு, இனிப்பு, விழித்திருத்தல், ஒன்றுகூடல் ஆகியவை எங்கும் பொதுவாக இருக்க, நாள்கள் மட்டும் ஏன் வேறுபடுகின்றன? பேத்தியின் கேள்வி இதுதான்.

பொங்கல் ஏன் தள்ளி வருகிறது?

வானத்தை அளக்க இரண்டு வழிகள் உண்டு. கதிரவன் திரும்பும் நாளை வைத்து ஆண்டைக் கணிப்பது ஒன்று. சீனரின் 24 பருவங்கள் அவ்வகை. கதிரவன் எந்த விண்மீன் கூட்டத்தில் நிற்கிறான் என்று பார்ப்பது மற்றொன்று. நம் பஞ்சாங்கம் இவ்வகை. கதிரவன் மகர இராசியில் நுழையும் நாளே தை முதல் நாள்.

சுழலும் பம்பரம் தலையாட்டுவதுபோல, பூமியின் அச்சும் மிக மெதுவாக ஆடுகிறது. ஒரு சுற்று முடியச் சுமார் 26,000 ஆண்டுகள் ஆகும். இதனால் விண்மீன் கணக்கிற்கும் திருப்பக் கணக்கிற்கும் இடையே ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் விலகல் உண்டாகிறது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டும் ஒரே நாளில் பொருந்தியிருந்தன. அன்றிலிருந்து இன்றுவரை சேர்ந்த விலகல் சுமார் 24 நாள். அதனால்தான் கதிரவன் டிசம்பரில் திரும்ப, நம் பொங்கல் ஜனவரி 14 அல்லது 15-இல் வருகிறது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. பழைய உரோம நாட்காட்டியும் பருவத்தை விட்டு விலகியதால், 1582-இல் போப் கிரிகோரி 10 நாள்களை நீக்கித் திருத்தினார். பழைய கணக்கைக் கைவிடாத இரஷ்யத் திருச்சபைக்குக் கிறிஸ்து பிறப்பு இன்றும் ஜனவரி 7-இல்தான் வருகிறது. லூசியா திருநாளும் ஒரு காலத்தில் ஆண்டின் மிக நீண்ட இரவை ஒட்டி வந்ததே.

தேவர்களின் வைகறை

நமக்கு ஓராண்டு தேவர்களுக்கு ஒரு நாள் என்பது நம் முன்னோர் கொள்கை. தை முதல் ஆறு திங்கள் உத்தராயணம், அவர்களுக்குப் பகல். ஆடி முதல் ஆறு திங்கள் தட்சிணாயனம், அவர்களுக்கு இரவு. அப்படியானால் மார்கழி, விடிவதற்கு முந்திய வைகறை. மார்கழி விடியலில் திருவெம்பாவையும் திருப்பாவையும் ஓதுவதன் பொருள் இதுவே. அம்புப் படுக்கையில் கிடந்த பீஷ்மர் உயிர் துறக்க உத்தராயணத்திற்காகக் காத்திருந்ததும் இந்நம்பிக்கையால்தான்.

தோட்டத்தில் மார்கழி

நான் பிறந்தது சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில். மார்கழி வந்தால் பிரட்டுக்கு முன்பே பஜனைக் குழு புறப்பட்டுவிடும். அரிக்கன் விளக்கு ஒருவர் கையில், சேகண்டி ஒருவர் கையில். லயத்து வாசல்தோறும் கோலம். சுற்றி முடித்துக் கோயிலில் ஒரு கைப்பிடி பொங்கலை வாங்கிக்கொண்டு, என் தந்தையார் நேரே பால்வெட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு போவார். மழை பிடித்துக்கொண்டால் மரம் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குக் கூலியும் கிடையாது. மழைத் துளியைப் பார்த்ததும் பஜனையின் நடுவே பெரியவர்களின் முகம் வாடியதை நான் கண்டிருக்கிறேன்.

அவர்களுக்குச் சொந்த வயல் இல்லை. தோட்டத்துக் கடையில் கடனுக்கு வாங்கிய அரிசியில் அறுவடைத் திருநாளைக் கொண்டாடினார்கள். பொங்கல் முடிந்து சில வாரங்களில் பால்மரங்கள் இலையுதிர்க்கும். துரைமார் அதனைக் குளிர்காலம் என்றே குறிப்பிடுவர். புதுத்தளிர் விடும் வரை பால் குறையும், சம்பளமும் குறையும். குளிரில்லாத நாட்டில் எங்களுக்கு வாய்த்த குளிர்காலம் அதுதான்.

இன்று அத்தோட்டம் செம்பனைக் காடு. லயங்கள் இல்லை. குடும்பங்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பிரிந்து போய்விட்டன. எங்கள் தாமான் கோயிலில் சென்ற மார்கழியில் விடியற்கால வழிபாட்டிற்கு வந்தவர்கள் பதினொரு பேர். அவர்களில் அறுபது வயதிற்குக் குறைந்தவர் இருவரே.

பாங்காக் தரும் பாடம்

நம் அண்டை நாடான தாய்லாந்தில், பாங்காக்கின் தேவஸ்தானம் என்னும் ஆலயத்தில், 'திரியம்பவாய்' என்னும் சடங்கு பன்னெடுங்காலமாக நடந்து வருகிறது. அதனோடு இணைந்திருந்த மாபெரும் ஊஞ்சல் விழா 1930-களில் நிறுத்தப்பட்டது. செந்நிறத் தூண்கள் மட்டும் நகர நடுவே நிற்கின்றன. அச்சடங்கின் பெயர் திருவெம்பாவை என்பதன் திரிபு. அங்குள்ள அந்தணர் ஓதும் மந்திரங்களுள் அத்தமிழ்ப் பாடல்கள் உருமாறிக் கலந்திருப்பதை அறிஞர்கள் கண்டு சொன்னார்கள். ஓதியவர்களுக்கோ அவை தமிழ் என்பதும், அவற்றின் பொருளும் மறந்து போயிருந்தன.

கடல் கடந்து சென்ற தமிழ் அங்கே இத்தனை காலம் ஒலித்திருப்பது நமக்குப் பெருமைதான். ஆயினும் ஒலி தங்கிப் பொருள் போய்விட்டது. நம்மிடம் இரண்டும் இன்னும் இருக்கின்றன. பிள்ளைகள் "ஏன்?" என்று கேட்கும்போது, "அது அப்படித்தான், பேசாமல் செய்" என்று நாம் சொல்லத் தொடங்கினால், அடுத்த தலைமுறைக்கு ஒலியும் மிஞ்சாது. கேட்கும் பிள்ளையை அதட்டாமல், தெரியாததைத் தேடிப் படித்தாவது விடை சொல்வது பெரியவர்களாகிய நம் கடமை.

இவற்றையெல்லாம் நான் பேத்தியிடம் சொன்னேன். பம்பரக் கதை அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. மறுநாள் முதல் தினமும் கோயிலுக்கு வந்தாள் என்று எழுத ஆசைதான். வந்தது இரண்டே நாள். ஆனால் தை முதல் நாளன்று, சர்க்கரைப் பொங்கலைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அவளே பக்கத்து வீட்டுக்குப் போனாள். வேலியோரம் நின்றவாறு, எங்கள் திருநாள் ஏன் 24 நாள் தள்ளி வருகிறது என்று அந்தச் சீன அம்மையாருக்கு மலாயில் விளக்கிக்கொண்டிருந்தாள். பம்பரம் ஆடுவதைக் கையால் சுற்றிக் காட்டியதும், அந்த அம்மையார் சிரித்துத் தலையசைத்ததும் என் வாசலிலிருந்தே தெரிந்தன.