துருவின் ஆழம் கணினிக்குத் தெரியுமா?

2015 மே 19. கலிஃபோர்னியாவில் சாண்டா பார்பரா அருகே, ரெஃபுகியோ கடற்கரையை ஒட்டி மண்ணுக்கடியில் ஓடிய 24 அங்குலக் கச்சா எண்ணெய்க் குழாய் உடைந்தது. எண்ணெய் பசிபிக் கடலில் கலந்தது. பறவைகளும் கடல் சிங்கங்களும் செத்து ஒதுங்கின. குழாயின் வெளிப்புறத்தைத் துரு தின்றிருந்ததே காரணம். இத்தனைக்கும், சுமார் இரண்டு வாரம் முன்புதான் காந்தச் சோதனைக் கருவி அந்தக் குழாய்க்குள் போய்வந்திருந்தது. உடைந்த இடத்தில் சுவரின் தடிமனில் பாதிகூட அரிக்கப்படவில்லை என்றே அதன் தரவு காட்டியது. தோண்டி அளந்தபோது, கிட்டத்தட்ட 90 சதவீதம் போயிருந்தது.

துரு இருந்தது கருவிக்குத் தெரிந்தது. ஆழத்தைக் கணித்ததில்தான் பிழை.

பொறியாளர்கள் ‘பிக்’ என்று அழைக்கும் இந்தக் கருவி, எண்ணெயோ எரிவாயுவோ தள்ளத் தள்ளக் குழாய்க்குள் நகரும். அதிலுள்ள காந்தங்கள், எஃகுச் சுவர் இதற்கு மேல் தாங்காது என்ற அளவுக்குக் காந்தப்புலத்தை ஏற்றிவிடும். மேடு தட்டிய வாய்க்காலில் தண்ணீர் கரை வழிவதுபோல, சுவர் மெலிந்த இடத்தில் காந்தப்புலம் வெளியே கசியும். அந்தக் கசிவை ஹால் சென்சார்கள் பதிவு செய்கின்றன. 1960-களிலிருந்தே புழக்கத்தில் உள்ள முறை இது.

ஆனால், கசிவை வைத்து ஆழத்தைச் சொல்வது எளிதல்ல. அகலமாக, மேலோட்டமாக அரித்த இடமும், குறுகலாக ஆழமாக அரித்த இடமும் ஏறக்குறைய ஒரே அளவு சிக்னலைத் தரக்கூடும். பிக் வேகமாக ஓடினால் எஃகில் சுழல் மின்னோட்டம் உண்டாகி சிக்னல் சிதையும். குழாய்க்குள் இருக்கும் அழுத்தம்கூட எஃகின் காந்தத் தன்மையை மாற்றிவிடும்.

இங்கேதான் கணினி கைகொடுக்கிறது. காந்தம், சுவர், துரு அரித்த பள்ளம் எல்லாவற்றையும் சின்னஞ்சிறு கூறுகளாகப் பிரித்து, மேக்ஸ்வெல் சமன்பாடுகளின்படி புலம் எங்கே எவ்வளவு கசியும் என்று கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறையை 1970-களிலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்குப் பயன்படுத்தினார்கள். கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்திலும் இத்தகைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பட்டறையில் ஒவ்வொரு பள்ளமாகக் கடைந்து சோதிக்க நாளும் பணமும் கரையும். கணினியிலோ ஆழத்தை மட்டும், நீளத்தை மட்டும், வேகத்தை மட்டும் மாற்றி ஆயிரக்கணக்கான சிக்னல்களை உருவாக்கலாம். அவற்றைக் கொண்டு செயற்கை நுண்ணறிவு மென்பொருளையும் பழக்கலாம். கசிவை வைத்துப் பள்ளத்தின் உண்மை அளவை நெருங்க இது ஒரு நல்ல வழி.

என் கவலை வேறு. கணினியில் வரையும் பள்ளங்கள் பெரும்பாலும் ஒழுங்கானவை: ஒரு செவ்வகம், ஒரு அரைக்கோளம். மண்ணுக்கடியில் துரு அப்படி அரிப்பதில்லை. பள்ளத்துக்குள் பள்ளம் விழும். பக்கத்துப் பள்ளங்கள் ஒன்றோடொன்று சேரும். ஒழுங்கான பள்ளங்களை மட்டுமே பார்த்துப் பழகிய மென்பொருள், இப்படிக் கோணலான பள்ளத்தின் ஆழத்தைக் குறைத்துச் சொன்னால் யார் கண்டுபிடிப்பது?

நிஜப் பள்ளத்தின் வடிவம் ஓரிடத்தில்தான் கிடைக்கும்: குழாயைத் தோண்டியெடுத்து லேசர் ஸ்கேனரால் அளக்கும் குழியில். அந்த அளவுகளில் பெரும்பகுதி நிறுவனங்களின் கோப்புகளுக்குள் பூட்டிக் கிடக்கிறது. தொழில் ரகசியம், நாசவேலை அச்சம் என்று அவர்கள் காரணம் சொல்கிறார்கள். இடத்தையும் குழாயின் பெயரையும் நீக்கிவிட்டு, பள்ளத்தின் வடிவத்தையும் அதன் சிக்னலையும் மட்டும் கொடுத்தால் இந்த அச்சத்துக்கு இடமேது?

குழாய் உடைந்தால் போவது எண்ணெய் மட்டுமல்ல. 2014 ஜூன் 27 அன்று ஆந்திரத்தின் நகரம் என்ற கிராமத்தில் எரிவாயுக் குழாய் வெடித்து, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் டெல்டா வயல்களுக்கு அடியிலும் எரிவாயுக் குழாய்கள் ஓடுகின்றன. வீட்டுக்குப் பக்கத்தில் குழாய் ஓடும் ஊர்களுக்குத் துருவின் ஆழம் ஏட்டுக் கணக்கல்ல, உயிர்க் கணக்கு.

தோண்டும் ஒவ்வொரு குழியின் அளவும், பிக் சொன்ன அளவோடு சேர்த்து, ஒரு பொதுத் தொகுப்புக்குப் போக வேண்டும். குழாய் பதிக்கும் உரிமத்திலேயே இதை நிபந்தனையாக எழுத வேண்டும். குழாய் உடைந்தபின் விசாரணை அறிக்கையில் வெளிவரும் அளவுகள், உடைவதற்கு முன்பே ஆய்வாளர்கள் கையில் இருந்தாக வேண்டும்.