புதிர் இருக்கிறது என்று யாரும் சொல்லாதபோது

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் உலக சதுரங்க சாம்பியன்ஷிப்பின் 14ஆவது ஆட்டம், அதுவே கடைசி. இந்தியாவின் குகேஷும் நடப்பு சாம்பியன் டிங் லிரெனும் 6.5 – 6.5 என்று சமமாக இருந்தார்கள். பலகையில் கறுப்புக் காய்களோடு ஆடிய குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். ஆனாலும் டிங் லிரென் பொறுமையாகத் தடுத்தால் டிரா ஆகிவிடக்கூடிய நிலை. 55ஆவது நகர்த்தலில் டிங் தன் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்து, யானைக்கு யானை வெட்டிக்கொள்ள வழிவிட்டார். அவருடைய மந்திரி அப்போது ஏ8 என்ற மூலைக் கட்டத்தில் நின்றது. மூலையில் நிற்கும் மந்திரிக்குப் போக ஒரே ஒரு சாய்கோடுதான் உண்டு. யானைகள் வெட்டுப்பட்டதும் கறுப்பு மந்திரி டி5-க்கு வந்து அந்தக் கோட்டில் நின்றால், வெள்ளை மந்திரி எங்கே நகர்ந்தாலும் அடிபடும். மாற்றிக்கொள்வதைத் தவிர வழியில்லை. பிறகு மிஞ்சுவது ராஜாக்களும் சிப்பாய்களும்தான், அதில் கறுப்புக்கு வெற்றி நிச்சயம். இதே நிலையைக் ‘கறுப்பு ஆடி வெல்லும்’ என்ற குறிப்போடு அச்சிட்டுக் கொடுத்தால், நன்றாகப் பயிற்சி எடுத்த பள்ளி மாணவரே விடை சொல்லிவிடுவார். நிஜப் பலகையில் அந்தக் குறிப்பு கிடையாது. தான் முதலில் வேறு நகர்த்தலை ஆட இருந்ததாகவும், அதற்குப் பிறகே மந்திரி மாட்டிக்கொள்வது கண்ணில் பட்டதாகவும் குகேஷே ஆட்டம் முடிந்ததும் சொன்னார்.

சதுரங்கப் புதிர்களின் பலமும் குறையும் இந்த ஒரு நிலையிலேயே தெரிகின்றன. லிசெஸ், செஸ்.காம் போன்ற தளங்கள் வந்தபின், பேருந்தில் போகும் நேரத்தில்கூடப் பத்துப் புதிர்கள் போட்டுவிடலாம். விடை சட்டென்று பிடிபடும்போது வரும் மகிழ்ச்சிக்கு ஈடு இல்லை. அந்த மகிழ்ச்சியே ஒருவரை மறுநாளும் பலகையின் முன் உட்கார வைக்கிறது. ஆனால், ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது என்ற செய்தியைப் புதிர் முன்கூட்டியே இலவசமாகக் கொடுத்துவிடுகிறது. ஆட்டத்தில் மிகக் கடினமான வேலை அதைக் கண்டுகொள்வதுதான். அந்த வேலையைப் பழக, ஒருவர் தாம் ஆடிய ஆட்டங்களைவிடச் சிறந்த பாடநூல் இல்லை.

முதலில் புதிர்களுக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடுவோம். நெதர்லாந்து உளவியலாளர் அட்ரியான் டி குரூட் 1930களின் இறுதியில், அலெகைன், யூவ போன்ற உலக சாம்பியன்களையே உட்காரவைத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். அவர்கள் மற்ற நல்ல ஆட்டக்காரர்களைவிடப் பல நகர்த்தல்கள் ஆழமாகக் கணக்குப் போடுவார்கள் என்பதே எல்லோருடைய எதிர்பார்ப்பும். அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சரியான நகர்த்தல் அவர்களுக்கு முதல் சில நொடிகளிலேயே கண்ணில் பட்டுவிடுகிறது, அவ்வளவுதான். 1973இல் அமெரிக்காவில் உளவியல் ஆய்வாளர்கள் சேஸும் சைமனும் இதை இன்னும் கூர்மையாக்கினார்கள். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலையை 5 நொடி காட்டி மறைத்தால், மாஸ்டர் சுமார் 16 காய்களைச் சரியான இடத்தில் திரும்ப வைத்தார். புதியவர் நான்கைந்து காய்களோடு நின்றுவிட்டார். காய்களைக் கண்டபடி இறைத்து வைத்தபோது மாஸ்டரும் புதியவர் அளவுக்கு இறங்கிவிட்டார். அந்தச் சோதனையில் பங்கேற்றவர்கள் மூன்றே பேர் என்பதைச் சொல்லியாக வேண்டும். இறைத்து வைத்த காய்களிலும் மாஸ்டர்களுக்குச் சிறிது அனுகூலம் உண்டு என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. அடிப்படை முடிவு மட்டும் நிலைத்தது: சதுரங்க அறிவு என்பது பெரும்பகுதி, மனத்தில் சேர்ந்த காய் அமைப்புகளின் களஞ்சியம். புதிர்கள் அந்தக் களஞ்சியத்தை நிரப்புகின்றன.

களஞ்சியம் நிறைந்திருப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. 2008இல் பிலாலிச், மெக்லியாட், கோபே ஆகிய ஆய்வாளர்கள் ஒரு நிலையை அமைத்தார்கள். அதில் ராணியைப் பலி கொடுத்துக் குதிரையால் செக்மேட் செய்யும், எல்லாருக்கும் தெரிந்த ஐந்து நகர்த்தல் வழி ஒன்று இருந்தது. யாரும் அதிகம் பழகாத மூன்று நகர்த்தல் வழியும் இருந்தது. குறுகிய வழியைக் கேட்டபோது தேர்ந்த ஆட்டக்காரர்கள் பலர் பழகிய வழியைக் கண்டதோடு நின்றுவிட்டார்கள். பலகையைச் சற்று மாற்றி அந்தப் பழகிய வழியை அடைத்ததும், அவர்களே குறுகிய வழியைக் கண்டார்கள். கண் அசைவைப் பதிவு செய்து பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. வேறு வழி தேடிக்கொண்டிருப்பதாக அவர்கள் மனதார நம்பிச் சொன்ன அதே நேரத்தில், பார்வை பழைய வழியின் கட்டங்களுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. தன் எண்ணம் எங்கே சிக்கியிருக்கிறது என்பது யோசிப்பவருக்கே தெரிவதில்லை. பொதுவான புதிர்த் தொகுப்பு எதுவும் அதை அவருக்குக் காட்டாது. அது அவருடைய ஆட்டங்களில்தான் திரும்பத் திரும்ப வெளிப்படும். ஒருவருக்குப் பின்னோக்கி வரும் குதிரை தெரிவதே இல்லை; இன்னொருவர் வெட்டுக் கிடைத்ததும் வேறெதையும் பார்ப்பதில்லை. 1957இல் உலக சாம்பியன் பட்டத்தை ஸ்மிஸ்லோவிடம் இழந்து மறுவருடம் மீட்ட போட்வின்னிக், 1960இல் டாலிடம் இழந்து 1961இல் மறுபடி மீட்டார். தம் ஆட்டங்களைத் தாமே அலசிக் குறிப்பெழுதி வெளியிட வேண்டும், பிறர் அதில் குற்றம் காணட்டும் என்பது அவர் வாழ்நாள் முழுக்க வலியுறுத்திய முறை.

கணினி ஒரு நொடியில் தவறைச் சிவப்பில் காட்டிவிடுகிறதே, பிறகு எதற்கு மெனக்கெட வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. கணினியின் தீர்ப்பு சரிதான். அதை வாசிப்பவர் மனத்தில் எது தங்குகிறது என்பதே சிக்கல். 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் நடத்திய சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அப்போது பின்தங்கினாலும், ஒரு வாரம் கழித்துத் தெளிவாக முந்திக்கொண்டார்கள். திரும்பப் படித்தவர்களுக்கே தன்னம்பிக்கை அதிகம் இருந்தது என்பது கவலைக்குரிய செய்தி. அந்தச் சோதனை சதுரங்கத்தைப் பற்றியதல்ல. ஆனாலும் கணினி காட்டும் விடையைப் பார்த்துத் தலையாட்டுவது திரும்பப் படிப்பதற்கு மிக நெருக்கமான செயல். எங்கே தவறினோம், அப்போது என்ன நினைத்தோம் என்று முதலில் தாமே எழுதிவிட்டு, அதன்பின் கணினியைத் திறப்பதில்தான் பயன் இருக்கிறது. நம் ஆட்டமே அரைகுறை, அதை அலசி என்ன கிடைக்கும் என்பாரும் உண்டு. மேதைகளின் ஆட்டம் நல்ல நகர்த்தல்களைக் கற்பிக்கும், மறுப்பில்லை. நாம் ஏன் கெட்ட நகர்த்தலை ஆடினோம் என்பது அதில் இருக்காது.

தம் ஆட்டங்களை அலசுவதால் மட்டும் எல்லோரும் மாஸ்டர் ஆகிவிட முடியாது. அர்ஜென்டினா ஆட்டக்காரர்களை ஆராய்ந்த கோபேயும் காம்பிட்டெல்லியும், மாஸ்டர் நிலையை எட்ட ஒருவருக்குச் சுமார் 3,000 மணி நேரமும் இன்னொருவருக்கு 23,000 மணி நேரத்துக்கு மேலும் ஆனதைக் கண்டார்கள். பயிற்சி எல்லாருக்கும் ஒரே வேகத்தில் பலன் தருவதில்லை. ஆகவே, இருக்கும் மணி நேரத்தை எதில் செலவிடுகிறோம் என்பது இன்னும் முக்கியமாகிறது. போட்டிகளுக்குப் போகும் ஒவ்வொரு குழந்தையின் கையிலும் ஆட்டம் முடிந்ததும் நகர்த்தல்களை எழுதிய ஒரு ஸ்கோர்ஷீட் இருக்கிறது. தவறிய நகர்த்தலுக்கு முந்தைய நிலையை ஓர் அட்டையில் வரைந்து, குறிப்பு எதுவும் எழுதாமல், ஒன்றும் ஒளிந்திராத சாதாரண நிலைகளோடு கலந்து சில வாரம் கழித்துப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். தோற்ற ஆட்டங்களை மட்டும் எடுத்தால் பாதிதான் கிடைக்கும். எதிராளி கவனிக்காமல் விட்ட நம் பிழைகள் வென்ற ஆட்டங்களில் அப்படியே கிடக்கின்றன. தோல்வியாவது ஒருநாள் உறுத்தும், இவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பயிற்சியாளர்கள் முதலில் கேட்டு வாங்க வேண்டியது அந்த ஸ்கோர்ஷீட்டுகளைத்தான்.