படியில் கால் தடுமாறும் முன்பே

திருநெல்வேலி குறுக்குத்துறையில் தாமிரபரணிக்கு இறங்கும் கற்படிகளில் ஈரம் காயாது. சின்ன வயசிலிருந்தே அதில் இறங்கிப் பழகிய ஒருவர், நாற்பதை நெருங்கும்போது பக்கத்தில் நிற்பவரின் தோளைப் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலை அகட்டி வைத்து நடக்கிறார்; பேச்சும் குழறுகிறது. "காலையிலேயே தண்ணியப் போட்டுட்டு வாரான்" என்று ஊர் பேசிவிடும். அவருடைய அப்பாவையும் முன்பு அப்படித்தான் பேசியிருப்பார்கள்.

இது குடியாக இல்லாமல் நோயாகவும் இருக்கலாம். சிறுமூளையைத் தேயவைக்கும் பரம்பரை நோய்களில் ஒன்று எஸ்சிஏ-1. ஒரு தமிழ்ச் சமூகத்தில் இது மிக அதிகமாக இருப்பதை 2005-இல் 'நியூராலஜி இந்தியா' இதழில் மருத்துவர்கள் எழுதினார்கள். இதற்குக் காரணமான மரபணுவை ஹாரி ஆரும் ஹுடா ஜோக்பியும் 1993-இல் கண்டுபிடித்திருந்தார்கள். தாய், தகப்பன் இருவரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. 'மாமன் மகளைக் கட்டியதால் வந்தது' என்று நம் பக்கம் பழி போடுவார்கள்; இந்த நோய்க்கு அந்தப் பழி பொருந்தாது.

இந்த நோயில் அழற்சிக்கும் பங்கு உண்டு. கொசு கடித்த இடம் தடிப்பது அழற்சி. மூளைக்குள் அது வலிக்காது, வெளியே தெரியாது. அங்கே காவல் மைக்ரோகிளியா செல்கள். மெல்லிய கிளைகளை நீட்டி அக்கம்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆபத்து என்று பட்டால் கிளைகளைச் சுருக்கி, உடல் பருத்து, ரசாயனங்களைக் கக்கும். நரம்பு செல்களைப் பராமரிக்கும் அஸ்ட்ரோகிளியாவும் மாறும். எஸ்சிஏ-1 எலிகளில், சிறுமூளையின் புர்கின்ஜி செல்கள் சாவதற்கு முன்பே இது தொடங்கிவிடுவதை மின்னசோட்டாவில் மரியா ஸ்வெட்டனோவிச் குழு 2015-இல் காட்டியது.

அப்படியானால் அழற்சியை அடக்கிவிட்டால் போதாதா? அதே குழு 2018-இல் அஸ்ட்ரோகிளியாவின் அழற்சியை அடக்கிப் பார்த்தது. பிந்தைய கட்டத்தில் அடக்கியபோது எலிகள் தேறின. தொடக்கத்திலேயே அடக்கியபோது நிலைமை மோசமானது. முதலில் காப்பாற்ற வந்ததே பிறகு கெடுதலாகிறது.

அதனால்தான் 'மூளை வீக்கம் குறைய' என்று விற்கும் பொடியையோ, நீங்களாகவே வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரையையோ தொடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். நோயை நிறுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் நடைப்பயிற்சியும் விழுங்கும் பயிற்சியும் வாழ்க்கையைச் சுலபமாக்கும். மரபணுப் பரிசோதனைக்கு முன் ஆலோசனை அவசியம். அறிகுறி இல்லாத சிறுபிள்ளைகளுக்கு அந்தப் பரிசோதனை வேண்டாம்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவமனையோ வேறெங்கோ, நரம்பியல் மருத்துவர் உங்களை ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்வார். நடந்து காட்டிவிட்டு, அப்பா எப்படி நடந்தார் என்பதையும் சொல்லுங்கள்.