ஆடும் கொக்கியும் அலமாரியும்

கடையில் புது அளவு டேப் வாங்குகிறவர் முதலில் அதன் நுனிக் கொக்கியை இழுத்துப் பார்ப்பார். அது முன்னும் பின்னும் லேசாக ஆடும். "லூசா இருக்கே, வேற குடுங்கண்ணே" என்று திருப்பித் தருபவர்கள் உண்டு. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுத்தியலால் தட்டி இறுக்குபவர்களும் உண்டு. அந்தத் தட்டலில் ஒரு நல்ல கருவி கெட்டுப்போகிறது.

ஆட்டம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. கொக்கித் தகடு எவ்வளவு தடிமனோ அவ்வளவு தூரம்தான் அது நகரும்; ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். பலகை ஓரத்தில் மாட்டி இழுத்தால் கொக்கி வெளியே நகர்ந்து, தகட்டின் உட்பக்கத்திலிருந்து கணக்கு தொடங்கும். சுவரில் முட்டி அழுத்தினால் உள்ளே நகர்ந்து, வெளிப்பக்கத்திலிருந்து தொடங்கும். அலமாரியின் அகலத்தை அளப்பது மாட்டி. அது நிற்கப்போகும் இடத்தை அளப்பது முட்டி. இரண்டுக்கும் ஒரே டேப் சரியான விடை தருவது இந்த ஆட்டத்தால்தான். டேப்பைச் சட்டென்று விட்டு, கொக்கி படாரென மோதும்படி சுருளவிடும் பழக்கம் ஆணித்துளையைப் பெரிதாக்கி, ஆட்டத்தை அளவுக்கு மிஞ்சச் செய்துவிடும். விரலால் பிடித்து மெல்ல விட்டால் போதும்.

இன்னொரு நுட்பம் அதன் வளைவு. ரப்பர் மரத்தில் பால் வடியக் குத்தும் தகரம் தட்டையாக இருந்தால் விரலிலேயே மடங்கிவிடும். வளைத்தபின் பட்டைக்குள் திடமாக நிற்கும். டேப்பின் எஃகுப் பட்டையும் குறுக்கே அப்படித்தான் குழிந்திருக்கிறது. அமெரிக்கரான ஹிராம் ஃபாரண்ட் 1922-இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. துணை ஆள் இல்லாமலே ஒருவர் அதை எதிர்ச்சுவர் வரை நீட்டலாம்.

மலேசியாவில் நெகிரி செம்பிலானின் லாபு, சிலியாவ், சுவா பெத்தோங் பக்கத்துத் தோட்டங்களிலும், அங்கிருந்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குப் போன குடும்பங்களிலும் பெரியவர்கள் இன்னமும் அடியில்தான் பேசுகிறார்கள். 1972-இலேயே மெட்ரிக் முறைக்குச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் கடையில் "நாலடி அலமாரி" என்றுதான் கேட்கிறார்கள். நாலடி 121.9 சென்டிமீட்டர். அட்டைப்பெட்டியில் 120 என்று அச்சிட்டிருப்பார்கள். அதனால் கடைக்குப் போகும்போது மில்லிமீட்டர் கணக்கை எழுதி எடுத்துப்போவது நல்லது.

பழைய தோட்ட வீட்டில் ஓர் அளவு எடுத்தால் போதாது. பலகைச் சுவர் காலப்போக்கில் சாய்ந்திருக்கும், தரையும் ஒருபக்கம் இறங்கியிருக்கும். அடியில், இடுப்பு உயரத்தில், தலைக்கு மேலே என்று மூன்று இடத்தில் அளந்து, சிறியதைக் கணக்கில் கொள்ள வேண்டும். பலரை ஏமாற்றுவது உயரம்தான். கூரைப்பலகை 8 அடியில், அதாவது 243.8 சென்டிமீட்டரில் இருக்கிறது. அலமாரி 240 உயரம், 60 ஆழம். நுழையும் என்றுதான் தோன்றும். ஆனால் தரையில் படுக்கவைத்துப் பொருத்திவிட்டு நிமிர்த்தும்போது மூலைக்கு மூலை 247.4 சென்டிமீட்டர் வேண்டும். மேலே இடித்து நின்றுவிடும். நின்ற நிலையிலேயே பொருத்தக்கூடிய வகையைத் தேட வேண்டும், இல்லாவிட்டால் குள்ளமானதை வாங்க வேண்டும்.

ஆழம் ஏன் 60? பெரியவர்களின் சட்டை மாட்டும் ஹேங்கர் சுமார் 45 சென்டிமீட்டர் அகலம். துணியின் தோளும் கதவின் தடிமனும் சேர்ந்தால் 60 ஆகிவிடும்.

இந்தக் கணக்கோடு 2020-இல் வந்த தொழிலாளர் தங்குமிட விதிகளைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய பூட்டுள்ள அலமாரிக்கு அவை சொல்லும் குறைந்தபட்ச அளவு நீளம் 0.35 மீட்டர், அகலம் 0.35, உயரம் 0.9. அதற்குள் ஒரு ஹேங்கர் நேராகத் தொங்காது. தீபாவளிக்கு எடுத்த சட்டையையும் மடித்துத்தான் திணிக்க வேண்டும். இன்று செம்பனைக் குலை வெட்டும் இந்தோனேசியரும் வங்கதேசியரும், முன்பு லயத்தில் தகரப்பெட்டியோடு வாழ்ந்த நம் பாட்டன்மாரும் உடுத்தியது முழு அளவுச் சட்டைதான். எந்த அலமாரியும் இல்லாத நிலைக்கு இது முன்னேற்றம் என்பது உண்மை. ஆனால் விதியை அடுத்துத் திருத்தும்போது, அந்த 35-ஐ எழுதுகிறவர்கள் மேசையில் ஒரு ஹேங்கரை வைத்து, கொக்கி ஆடும் டேப்பால் அளந்துபார்க்கட்டும்.