46 சதவீதம் காணாமல் போயும் நடந்தார்! தெரியுமா?

ஒவ்வொரு முறை காலை மடக்கி நீட்டும்போதும் தசைச் செல்லின் சவ்வு இழுபடுகிறது. அது ஏன் கிழிவதில்லை தெரியுமா? சவ்வின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம்தான் காரணம்! ஒரு முனையால் செல்லுக்குள் இருக்கும் ஆக்டின் இழையைப் பிடித்துக்கொள்கிறது. மறுமுனையால் சவ்வில் பதிந்த புரதங்களைப் பற்றிக்கொண்டு, அவற்றின் வழியாகச் செல்லுக்கு வெளியே உள்ள லாமினின் என்ற புரதத்தோடு இணைகிறது. இத்தனை வேலை செய்யும் இது, மொத்தத் தசைப் புரதத்தில் லட்சத்துக்கு இரண்டு பங்குதான்!

புரதம் சொற்பம், அதன் மரபணுவோ பூதாகாரம். எக்ஸ் குரோமோசோமில் 22 லட்சம் எழுத்துகளுக்கு மேல்! ஒரு தடவை படியெடுக்கவே 16 மணி நேரம்! அதில் தேவையானவை 79 துண்டுகள்தான். அந்த 79-ஐ நினைவூட்டத்தான் 7/9, செப்டம்பர் 7, உலக டுஷேன் விழிப்புணர்வு நாள்.

டிஸ்ட்ரோஃபின் இல்லாமல் போனால் வருவது டுஷேன் தசைச்சிதைவு நோய். ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. சுமார் மூன்றில் ஒரு பங்கு நேர்வுகளில் மரபணுப் பிழை புதிதாகத் தோன்றியது, தாயிடமிருந்து வந்ததே அல்ல. வந்திருந்தாலும் அது எந்தத் தாயின் குற்றமும் இல்லை!

இப்போது பெரிய ஆச்சரியம். 1990-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். புரதத்துக்கான குறிப்பில் 46 சதவீதம் அவருக்கு இல்லை. ஆனால் 61 வயதிலும் நடந்துகொண்டிருந்தார்! எப்படி? செல் மரபணுவை மும்மூன்று எழுத்தாகப் படிக்கிறது. ஒரே எழுத்து விடுபட்டாலும் பின்னால் வருவதெல்லாம் உளறலாகிவிடும். அவருக்கோ அந்த வரிசை குலையாமல் நடுப்பகுதி மட்டும் போயிருந்தது. இரு முனைகளும் பத்திரம்! குட்டி டிஸ்ட்ரோஃபினுக்கான மரபணுவைத் தசைக்குள் அனுப்பும் சிகிச்சைக்கு அவர்தான் வழிகாட்டி. 2023-இல் அமெரிக்கா அதை முதன்முதலாக அனுமதித்தது. அது நோயை முற்றாகப் போக்குவதில்லை, கல்லீரல் பாதிப்பு அபாயமும் உண்டு.

கெண்டைக்கால் பருத்த சிறுவனைப் பலசாலி என்று நினைக்கிறோம். இந்த நோயில் தசை அழிந்த இடத்தில் கொழுப்பு நிறைந்தாலும் அப்படித்தான் தெரியும்! கல்லீரல் பரிசோதனை அளவுகள் சில உயர்ந்து காணப்படுவதும் அந்த நொதிகள் தசையிலிருந்து கசிந்ததால் இருக்கலாம்.

உங்கள் வீட்டுப் பையன் அடிக்கடி விழுகிறானா? தரையிலிருந்து எழும்போது தன் தொடைமேல் கையூன்றி ஏறுகிறானா? சோம்பேறி என்று திட்டாதீர்கள். கிரியேட்டின் கைனேஸ் ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் உடனே கேளுங்கள்.