‘குட் டச், பேட் டச்’ மட்டும் போதுமா?

ஊசி போடும் டாக்டர் தொட்டால் வலிக்கிறது. கிச்சுகிச்சு மூட்டும் உறவுக்காரர் தொட்டால் சிரிப்பு வருகிறது. இதில் ‘பேட் டச்’ எது என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தையிடம் கேட்டால், டாக்டரைத்தான் கை காட்டும். பல பள்ளிகளில் ஆண்டுக்கொரு முறை நடக்கும் பாதுகாப்பு வகுப்பின் சிக்கலே இதுதான். தொடுகிறவரின் நோக்கத்தை எடைபோடும் வேலையைக் குழந்தையின் தலையில் கட்டிவிடுகிறோம்.

வேண்டியது தெளிவான விதி. உள்ளாடை மறைக்கும் இடங்களை யாரும் பார்க்கவோ, தொடவோ, படமெடுக்கவோ கூடாது; தங்கள் உடலைத் தொடச் சொல்லவும் கூடாது. குளிப்பாட்டுவதற்கும், பெற்றோர் உடனிருக்க டாக்டர் பரிசோதிப்பதற்கும் மட்டுமே விலக்கு. அப்போதும் ‘யாரிடமும் சொல்லாதே’ என்று ஒருவர் சொன்னால், அவர் யாராக இருந்தாலும் அது விதிமீறல்தான்.

அந்த ‘யாராக இருந்தாலும்’ முக்கியம். மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் குழந்தைகள் மீதான துன்புறுத்தல் பற்றி 13 மாநிலங்களில் ஆய்வு நடத்தி 2007-இல் அறிக்கை வெளியிட்டது. துன்புறுத்தியவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது அதன் நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள் என்றது அது. ‘தெரியாதவர் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே’ என்ற எச்சரிக்கை இவர்களிடம் எடுபடாது.

வகுப்பில் செய்ய எளிய பயிற்சி ஒன்று உண்டு. குழந்தை தன் கையை நோட்டில் வைத்து வரைந்து, ஒவ்வொரு விரலிலும் தான் நம்பும் பெரியவர் ஒருவரின் பெயரை எழுதட்டும். எல்லாரும் ஒரே வீட்டில் இருப்பவர்களாக இருக்க வேண்டாம். முதல் விரலில் உள்ளவரிடம் சொல்லி, அவர் நம்பாவிட்டால் அடுத்த விரல். பிறந்தநாள் பரிசை மறைத்து வைப்பது விளையாட்டு. தொடுவதை மறைக்கச் சொல்வது விளையாட்டல்ல என்பதையும் நடித்துக் காட்டலாம். பயத்தில் உறைந்து ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாமல் போனாலும் தப்பு குழந்தையுடையதல்ல. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

வகுப்பில் கற்றதை வீடு கெடுக்காமல் இருப்பது இன்னொரு பாதி. கூச்சப்பட்டு ஒதுங்கும் பிள்ளையை ‘மாமாவுக்கு ஒரு முத்தம் குடு’ என்று தள்ளிவிட்டால், அதன் மறுப்புக்கு மதிப்பில்லை என்று நாமே சொல்லிக் கொடுத்தாகிவிட்டது.

குழந்தை வாய் திறந்துவிட்டால், குறுக்கு விசாரணை வேண்டாம். ‘நீ சொன்னது நல்லது, நான் நம்புகிறேன்’ என்றால் போதும். அதன் பிறகு வேலை பெரியவர்களுடையது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தால் காவல் துறைக்குத் தகவல் தருவது கட்டாயம். மறைப்பவருக்கு ஆறு மாதம் வரையும், தன் கீழ் பணிபுரிபவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரையும் சிறைத் தண்டனை கிடைக்கலாம். வாக்குமூலத்துக்காகக் குழந்தையை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போக வேண்டியதில்லை. சீருடை அணியாத போலீசார் வீட்டுக்கே வந்து கேட்க வேண்டும். இயன்றவரை அவர் பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். யாரை அணுகுவது என்று தெரியாதவர்கள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம்.